செத்த மாடும் அறுத்த மாடும்: நம் பிள்ளைகளின் தட்டில் இருக்கும் வரலாறு

மாட்டுக்கறியைப் பற்றி நம்மில் எழுதியவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள் தின்பதைப் பற்றியே எழுதியிருக்கிறோம். கலகமாக, அடையாளமாக, பார்ப்பனியத்துக்கு எதிரான விருந்தாக. 2012இல் ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் மாட்டுக்கறி விழா நடந்தது, அடிதடியும் நடந்தது. 2017இல் சென்னை ஐஐடியில் மாணவர்கள் கூடித் தின்றார்கள், அதற்காக ஒரு மாணவர் தாக்கப்பட்டார். இதெல்லாம் நடக்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சேரியில் ஞாயிற்றுக்கிழமை வாங்கி வருகிற அரைக்கிலோ கறி முதலில் எந்தத் தட்டுக்குப் போகிறது? வளர்ற பிள்ளை தட்டுக்கு. குழம்பிலிருந்து ஈரல் துண்டைத் தேடி எடுத்துச் சின்னதுக்கு வைத்துவிட்டுத்தான் தாய் தனக்குக் குழம்பை ஊற்றிக்கொள்கிறாள். மாட்டுக்கறியின் அரசியல் அந்தத் தட்டில் தொடங்குகிறது. அந்தத் தட்டின் வரலாற்றைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

நான் பழைய வடாற்காட்டுக்காரன். எங்கள் பக்கம் ஆயாமார்களுக்கு ஒரு மருத்துவம் இருந்தது. பிள்ளை வெளுத்துப் போனா சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடு. காய்ச்சலில் கிடந்து எழுந்தா நெஞ்செலும்பை மிளகு தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்து அந்தச் சாறைக் கொடு. வயசுக்கு வந்த பெண்ணுக்கு ஈரல். பிள்ளை பெற்றவளுக்குக் கொழுப்பில்லாத தொடைக்கறி. மழைக்காலத்தில் வேலை இருக்காது, கையில் காசும் இருக்காது. அந்த நாளைக்கென்று கோடையிலேயே கறியை நாறு நாறாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோர்த்துக் காயவைத்த உப்புக்கண்டம் இருக்கும். நாலு துண்டை அடுப்புத் தணலில் வாட்டி, அம்மியில் தட்டிக் கொடுத்தால் ஒரு பிள்ளை ஒரு சட்டி கூழைக் குடித்துவிடும். இதையெல்லாம் 'சமையல் குறிப்பு' என்று எவரும் எழுதி வைக்கவில்லை. சித்த வைத்தியத்தை ஓலைச்சுவடியில் தேடுகிறவர்கள் எங்கள் ஆயாக்களிடம் வந்து கேட்கவும் இல்லை.

மராத்தியில் அந்த வேலை நடந்திருக்கிறது. மராத்வாடாவின் மகர், மாங் மக்களுடைய உணவு வரலாற்றை ஷாஹு பட்டோலே 2015இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். தமிழில் பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபின் நாம் நிறைய எழுதினோம். நம்ம அடுப்பை மட்டும் இன்னும் முழுசா எழுதி முடிக்கவில்லை.

2

இதைப் பேசும்போதெல்லாம் நம் பக்கத்திலிருந்தே ஒரு குரல் வருகிறது. "நம்ம தலைவர்களே விடச் சொன்னதுதானே? அம்பேத்கரே விடச் சொன்னாரே? நீங்க என்ன திரும்பத் தின்னச் சொல்றீங்க?" கேட்பவர் பெரும்பாலும் நன்றாகப் படித்து, நகரத்தில் வேலை பார்த்து, வீட்டில் மாட்டுக்கறியை நிறுத்திவிட்ட நம் அண்ணனாகவோ மாமாவாகவோ இருப்பார். அவரைப் பார்ப்பனமயமாகிவிட்டார் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட மாட்டேன். அவர் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வலி இருக்கிறது. பதிலை வரலாற்றிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

1927 மார்ச்சில் மகாடில் மாநாடு கூடியது. சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே மாநாட்டில்தான் செத்த மாட்டின் கறியைத் தின்பதை விடுங்கள் என்றும் சொல்லப்பட்டது. கவனியுங்கள், செத்த மாடு. ஊர்க்காரன் வீட்டில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். கூலி கிடையாது. தூக்கிப்போக மறுத்தால் உதை. தூக்கிப்போனால் தோல் அவனுக்கு அல்லது அவன் சொல்கிற ஆளுக்கு, கறி உனக்கு. அந்தக் கறி கூலிக்குப் பதில் விழுந்த எச்சில். ஓம்பிரகாஷ் வால்மீகி தன் 'ஜூட்டன்' தன்வரலாற்றில் பள்ளிக்கூட வயதில் செத்த மாட்டின் தோலை உரிக்கப் போக வேண்டி வந்ததை எழுதியிருக்கிறார். அதைப் படித்தவர்களுக்கு அம்பேத்கர் எதை விடச் சொன்னார் என்பது புரியும். அடிமை வேலையை விடச் சொன்னார். அந்த வேலைக்குக் கூலியாக வந்த பிணக்கறியை விடச் சொன்னார்.

உடம்பு சார்ந்த காரணமும் அதில் இருந்தது. நோயில் செத்த மாடு நோயைச் சேரிக்குக் கொண்டுவரும். அடைப்பானில் செத்த மாட்டை அறுத்தால் அறுத்த கையிலேயே கொப்புளம் கிளம்பும், ஆளையும் கொல்லும். அழுகத் தொடங்கிய கறி முதலில் பிள்ளைகள் வயிற்றைத்தான் பதம் பார்க்கும். ஊரான் தனக்கு ஆகாததைச் சேரிக்குத் தள்ளினான், அதைத் தின்றதாலேயே நீ இழிந்தவன் என்று திருப்பிச் சொன்னான். இந்த வட்டத்தை உடைக்காமல் மேலே வர முடியாது என்று தெரிந்துதான் நம் முன்னோர் தமிழ்நாட்டிலும் சங்கம் வைத்து, ஊர்க்கட்டுப்பாடு போட்டு, மீறினால் அபராதம் என்று பிணக்கறியை நிறுத்தினார்கள். அது பெரிய போராட்டம். பட்டினி கிடந்து செய்த போராட்டம்.

1948இல் வந்த 'தீண்டப்படாதார் யார்?' நூலில் அம்பேத்கர் இந்த முடிச்சை வரலாறாக அவிழ்த்துக் காட்டுகிறார். ஒரு காலத்தில் பார்ப்பனர் உட்பட எல்லோரும் மாட்டுக்கறி தின்றார்கள். பௌத்தத்தோடு நடந்த போட்டியில் பார்ப்பனர்கள் அதை விட்டார்கள், விட்டதோடு மாட்டைப் புனிதமாக்கினார்கள். குப்தர் காலத்தில் பசுக்கொலை பெரும் பாவமாக ஆக்கப்பட்டது. ஊருக்கு வெளியே குடியிருந்த சிதறுண்ட மக்கள் செத்த மாட்டைத் தின்பதைத் தொடர வேண்டிய நிலையில் இருந்தார்கள், அவர்கள்மேல் தீண்டாமை ஏறியது. இதுதான் அவர் வாதத்தின் சாரம். இதில் வாதிட இடமுண்டு, வரலாற்றாசிரியர்கள் வாதிட்டும் இருக்கிறார்கள். ஆனால் மாட்டுக்கறி தின்றதால் நாம் பிறவியிலேயே இழிந்தோம் என்கிற பொய்யை அந்த நூல் வேரோடு பிடுங்கிவிட்டது. தமிழிலும் சான்று இருக்கிறது. அகநானூற்றில் மழவர்கள் ஆவைக் கொன்று தின்ற செய்தி வருகிறது. அதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள்.

ஆக, செத்த மாடு வேறு, அறுத்த மாடு வேறு. முன்னது ஊரான் தள்ளியது. பின்னது உழைத்த காசில் சந்தைக்குப் போய், கசாப்புக் கடையில் நின்று, இந்தத் துண்டு வேணும், அந்தத் துண்டு வேணாம் என்று கேட்டு வாங்கியது. நம் பக்கத்தில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு மாட்டை வாங்கி அறுத்து, வாழை இலையில் கூறு வைத்துப் பிரித்துக்கொண்டதும் உண்டு. எந்தக் கூறும் பெரிசில்லை, எந்தக் கூறும் சின்னதில்லை. கொஞ்சம் ஈரல், கொஞ்சம் குடல், கொஞ்சம் தொடை, ஒரு எலும்பு என்று எல்லாக் கூறிலும் எல்லாம் இருக்கும். தலைவர்கள் முன்னதை விடச் சொன்னார்கள். நம்மில் சிலர் பின்னதையும் சேர்த்து விட்டுவிட்டார்கள். அதன் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

3

மாட்டுக்கும் நம் பிள்ளைக்கும் உள்ள உறவை ஆதிக்கச் சாதிகள் எப்படி வைத்திருந்தன என்பதற்கு ஓர் ஆவணம் போதும். 1930இல் இராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்கள்மேல் கள்ளர்கள் எட்டுத் தடைகளைப் போட்டார்கள். 1931இல் அவை பதினொன்றாகின. அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைமை அதிகாரி ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தடைகளில் இரண்டு பிள்ளைகளைப் பற்றியவை. ஆதிதிராவிடர் பிள்ளைகள் படிக்கக் கூடாது. அவர்கள் மிராசுதாரர்களின் மாட்டை மட்டும்தான் மேய்க்க வேண்டும்.

மாட்டை மேய்க்கலாம், சாணி அள்ளலாம், செத்தா தூக்கலாம், தோலை உரிக்கலாம். அந்த மாட்டின் பால் கிடையாது. அந்தப் பிள்ளை உடம்பில் சத்து ஏறுவது பற்றியோ தலையில் எழுத்து ஏறுவது பற்றியோ எவனுக்கும் கவலை இல்லை. ஏறக் கூடாது என்பதுதான் கட்டளை.

அதே காலத்தில், அதே மதராஸ் மாகாணத்தில், குன்னூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் இந்தியர்களின் உணவைச் சோதித்துக்கொண்டிருந்தது. ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எலிகளை ஏழு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒரு பகுதி மக்கள் தின்னும் உணவைக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைகட்டிய கடலை, காய்கறி, வாரம் ஒரு முறை எலும்போடு கறி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாகக் கொழுத்தன. தீட்டிய அரிசியை அடிப்படையாகக் கொண்ட மதராசி உணவைத் தின்றவை எல்லாவற்றுக்கும் கடைசியில் நின்றன. அந்த ஆராய்ச்சிக்கூடம்தான் 1958இல் ஐதராபாத்துக்குப் போய் 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இந்தியாவில் எந்த உணவில் என்ன சத்து என்ற முதல் பெரிய அட்டவணையை 1937இல் வெளியிட்டவர் மெக்காரிசனுக்குப் பின் அங்கே வந்த அய்க்ராய்ட்.

எனக்கு ஒரு கேள்வி. அந்த எலிக்கூண்டில் இருந்த 'மதராசி' யார்? அரிசி, பருப்பு, தேங்காய், மோர், நெய், காபி தின்கிற மதராசி. கேழ்வரகுக் கூழும் நத்தையும் நண்டும் உப்புக்கண்டமும் தின்ற மதராசி அல்ல. ஒரு மாகாணத்தின் உணவு என்று எழுதும்போதே சேரி வெளியே விடப்பட்டது. அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை. 'தமிழர் உணவு' என்று போடுகிற பட்டியல் எதையும் எடுத்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடச் சோற்றின் வரலாறும் இங்கேதான் தொடங்குகிறது. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். அங்கே படிக்கிறவர்கள் ஏழைப் பிள்ளைகள், பசியால் வருவதில்லை என்பது காரணம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. 1956இல் காமராசர் காலத்தில் மாநிலம் முழுவதற்குமான மதிய உணவு வந்தது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1998இல் வாரம் ஒரு முட்டை. 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டை. ஓரணாவிலிருந்து ஐந்து முட்டைக்கு வர 90 வருசம் ஆகியிருக்கிறது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். சேரியிலிருந்து படித்து வந்த என் தலைமுறையில் பாதிப்பேர் அந்தச் சோற்றில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

ஆனால் அந்தச் சோற்றிலும் சாதி உட்கார்ந்திருக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் தகராறு செய்தார்கள், அந்த அம்மாவை இடமாற்றம் செய்யும் அளவுக்குப் போனது, எதிர்ப்பு கிளம்பியபின்தான் உத்தரவு திரும்பியது. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம் தர ஏற்பாடு இருக்கிறது. நல்லது. அவரவர் பழக்கத்தை மதிக்கிற ஏற்பாடு. அந்த மரியாதை ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும்? தின்னாதவன் பழக்கத்துக்கு அரசு மாற்று வைக்கிறது. தின்கிறவன் பழக்கத்தை அரசு பெயர்கூடச் சொல்வதில்லை.

4

எங்கள் இரவுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளின் தாய்மார்கள் சிலர் ஒருமுறை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய் வந்தார்கள். பிள்ளைகளுக்கு ரத்தம் கம்மி என்று சொல்லி ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். பேரீச்சம்பழம், மாதுளை, பால், முருங்கைக்கீரை, முட்டை, முடிந்தால் ஆட்டு ஈரல். அதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா கேட்டார்: "மாதுளை கிலோ என்னா வெல தெரியுமா சார்? ஆட்டு ஈரலு நான் எங்க போயி வாங்கறது? நாங்க வாரா வாரம் எடுக்கற கறிய இதுல எழுதவே இல்லியே, அது ஆவாதா?"

அது ஆவாதா? இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வோம்.

கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 20 முதல் 22 கிராம் புரதம். 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 23 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. அப்படியானால் 50 கிராம் கறி, அதாவது ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் அடங்குகிற நாலைந்து துண்டு, அன்றைய தேவையில் பாதிக்குக் கிட்டே வந்துவிடுகிறது. அந்தப் புரதத்தில் உடம்பு தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் எல்லாம் இருக்கின்றன. அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் இதில் நிறைய உண்டு. சோறு மட்டும் தின்கிற பிள்ளைக்கு எது குறைகிறதோ அதையே கறி கொண்டுவருகிறது.

அடுத்தது இரும்புச்சத்து. கீரையில் இரும்பு இருக்கிறது, உண்மை. ஆனால் கீரையிலும் தானியத்திலும் இருக்கிற இரும்பில் பெரும்பகுதியை உடம்பு எடுத்துக்கொள்வதில்லை, பல வேளைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் கீழேதான் ஏறுகிறது. கறியில் இருப்பதில் ஒரு பகுதி ரத்தச் சிவப்போடு சேர்ந்த இரும்பு. அதில் 15 முதல் 35 பங்குவரை ஏறும். இன்னொன்றும் உண்டு. கறியைக் கீரையோடு, பருப்போடு சேர்த்துத் தின்னும்போது அந்தக் கீரையில் இருக்கிற இரும்பையும் கூடுதலாக உடம்பில் ஏற்றிவிடுகிறது. முருங்கைக்கீரையையும் கறியையும் எதிரெதிராக நிறுத்துவதே தப்பு. ரெண்டும் ஒரே தட்டில் இருக்கட்டும். ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுங்கள், இன்னும் நல்லது. சோறு தின்ற கையோடு டீ கொடுக்காதீர்கள், அது இரும்பைத் தடுக்கும்.

மூன்றாவது பி12. இந்த வைட்டமின் இயற்கையில் விலங்கு உணவில்தான் கிடைக்கிறது. ரத்தம் ஊறவும் நரம்பும் மூளையும் வளரவும் வேண்டியது. வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 2 முதல் 2.5 மைக்ரோகிராம். 100 கிராம் மாட்டுக்கறியில் ஏறக்குறைய அந்த அளவு இருக்கிறது, ஈரலில் அதைவிடப் பலமடங்கு. நான்காவது துத்தநாகம். அது குறைந்தால் பிள்ளை வளராது, அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும். அதுவும் கறியில் நல்ல அளவில் இருக்கிறது. வெளுத்துப்போன பிள்ளைக்கு ஈரலையும் சுவரொட்டியையும் கொடுத்த ஆயாக்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. பிள்ளை தேறுவது தெரியும்.

இதைப் பள்ளிக்கூடத்திலேயே சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள். கென்யாவின் எம்பு பகுதியில், 1998 முதல், சார்லட் நியூமன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 12 பள்ளிகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்த ஆய்வு. அங்கே மக்காச்சோளமும் அவரையும் சேர்த்து வேகவைக்கிற கித்தேரிதான் ஏழைகளின் சாப்பாடு. ஒரு பிரிவுப் பள்ளிகளில் கித்தேரியோடு கொத்திய மாட்டுக்கறி. இன்னொரு பிரிவில் பால். மூன்றாவதில் அதே கலோரிக்கு எண்ணெய். நாலாவது பிரிவுக்குப் பள்ளியில் உணவு இல்லை. இரண்டு வருசத்துக்கும் மேல் பார்த்தார்கள். கறி தின்ற பிள்ளைகளுக்குக் கைச்சதை கூடுதலாக வளர்ந்தது. யோசிக்கும் திறனைப் பார்க்கிற சோதனையிலும் கணக்கிலும் அவர்கள் முன்னேறினார்கள். விளையாட்டுத் திடலில் அதிகம் ஓடினார்கள், முன்னால் நின்று மற்றப் பிள்ளைகளை நடத்தினார்கள். பி12 குறைபாடு கறியாலும் பாலாலும் குறைந்தது. பாலின் பலன் உயரம் குன்றியிருந்த சின்னப் பிள்ளைகளிடம் தெரிந்தது. சும்மா கலோரியை ஏற்றினால் மட்டும் இதெல்லாம் நடக்கவில்லை. இராமநாதபுரத்தில் தடை போட்டவர்கள் எது நடக்கக் கூடாது என்று நினைத்தார்களோ, கணக்கும் ஓட்டமும் முன்னால் நிற்பதும், அதுவே அந்தப் பிள்ளைகளிடம் நடந்தது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. மாட்டுக்கறியில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. அதற்குக் கேழ்வரகு, பால், கருவாடு வேண்டும். நார்ச்சத்து இல்லை. 2015இல் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், சிவப்பு இறைச்சியை உண்டாக்கக்கூடியது என்றும் வகைப்படுத்தியது. அது அதிகமாக, பல வருசம் தின்பதைப் பற்றிய எச்சரிக்கை. வாரத்தில் இரண்டு நாள் ஐம்பது கிராம் கிடைக்குமா என்று பார்க்கிற பிள்ளைக்குக் குறைவால் வரும் ஆபத்துதான் கண்ணெதிரே இருக்கிறது. நன்றாக வேக வைக்க வேண்டும், அரைவேக்காட்டில் நாடாப்புழு வரும். சின்னப் பிள்ளைக்குக் கொத்தி மசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

அந்தக் குறைவு எவ்வளவு? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் 5 வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. சத்துணவின் தாய்வீடு என்கிற தமிழ்நாட்டில் 57. அதற்கு முந்தைய ஆய்வில் 51ஆக இருந்தது கூடியிருக்கிறது. வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாட்டளவில் நூற்றுக்கு 35க்கு மேல். பட்டியல் சாதியில் ஏறக்குறைய 39. மேல்சாதியினர் அதிகம் வருகிற 'மற்றவர்' தலைப்பில் ஏறக்குறைய 30. உயரத்தில்கூடச் சாதி தெரிகிறது தோழர்களே. மாட்டுக்கறி ஒன்றே இதைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குடிதண்ணீர், கழிப்பறை, தாயின் உடல்நலம், கூலி எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் ஆட்டுக்கறி விலையில் பாதிகூட ஆகாத, நம் தாய்மார்களுக்குச் சமைக்கத் தெரிந்த, பிள்ளைகள் ஆசையாகத் தின்கிற ஓர் உணவை மருத்துவக் காகிதத்திலிருந்து அடித்துவிட்டு ரத்தசோகையை ஒழிக்கப் போகிறேன் என்பது என்ன அறிவியல்?

5

சட்டம் இந்தத் தட்டுக்கு மேலே எப்போதும் ஒரு கையை வைத்திருக்கிறது. அரசமைப்பின் 48ஆம் பிரிவு பசுவையும் கன்றையும் கொல்வதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி பத்து வயது தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் ஆகாது என்று சான்றிதழ் பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். 1976இல் ஓர் அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுப்பதை நிறுத்தியது.

1958இல் குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் பசுவதைத் தடையை ஏற்றுக்கொண்டது. ஆனால் உழைப்புக்கு ஆகாத காளையையும் எருமையையும் அறுக்க முழுத் தடை கூடாது என்றது. மாட்டுக்கறியும் எருமைக்கறியும் ஏழைகளின் உணவு என்பதை அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. 2005இல் குஜராத் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நிலையிலிருந்து மாறியது. புரதம் வேறு உணவிலும் கிடைக்கும் என்ற வாதம் அங்கே எடுபட்டது. 47 வருசத்தில் ஏழையின் தட்டு தீர்ப்பிலிருந்து இறங்கிவிட்டது. 2015இல் மகாராட்டிரம் காளையையும் எருதையும் அறுப்பதைத் தடுத்தது. 2017 மே மாதம் மத்திய அரசு சந்தையில் மாட்டை அறுப்புக்காக விற்கவே தடை போட்டபோது, அதை முதலில் நிறுத்தி வைத்தது மதுரை உயர் நீதிமன்றக் கிளை.

சட்டத்துக்கு வெளியே நடப்பது தெரிந்ததுதான். 2002இல் அரியானாவின் ஜஜ்ஜார் அருகே மாட்டுத் தோலோடு போன ஐந்து தலித்துகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். 2016இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். செத்த மாட்டைத் தூக்கினாலும் அடி, அறுத்த மாட்டைத் தின்றாலும் அடி. உனாவுக்குப் பின் குஜராத் தலித்துகள் செத்த மாடுகளை அரசு அலுவலகம் முன்னால் கொண்டுபோய்ப் போட்டு, இனி நீங்களே தூக்குங்கள் என்றார்கள். மகாடில் சொன்னதன் தொடர்ச்சி அது.

தமிழ்நாட்டில் நாம் பரவாயில்லை என்று நினைக்கிறவர்கள் ஆம்பூரை நினைத்துப் பாருங்கள். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை. நம் இயக்கங்களும் இஸ்லாமியத் தோழர்களும் எதிர்த்தார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆம்பூரில் அரசாங்கம் மாட்டுக்கறிப் பிரியாணியைக் கண்ணில் படாமல் வைக்கப் பார்க்கிறதென்றால், அங்கன்வாடிச் சுவரில் ஒட்டுகிற சத்துணவுப் படத்தில் அது வருமா?

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். திங்கட்கிழமை காலையில் எங்கள் வரிசைக்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார். "நேத்து என்னடா தின்னீங்க?" என்பார். வகுப்பே சிரிக்கும். நாங்கள் "கத்திரிக்கா கொழம்பு சார்" என்போம். எட்டு வயதில் கற்ற முதல் அரசியல் அதுதான்: உடம்புக்கு நல்லதைத் தின்றுவிட்டு வாயால் பொய் சொல்ல வேண்டும். எங்களில் சிலர் வீட்டிலேயே கறியை வேண்டாம் என்று தள்ளத் தொடங்கினோம். நாற்றம் தட்டில் இருப்பதாக நம்பவைக்கப்பட்ட பிள்ளை சத்தைத் தானாகவே மறுக்கிறது. எந்தச் சட்டமும் செய்யாத வேலையை அந்தச் சிரிப்பு செய்தது.

6

ஆகவே நாம் கேட்க வேண்டியது என்ன? எல்லாப் பிள்ளைக்கும் மாட்டுக்கறி போடு என்று கேட்கவில்லை. தின்னாத வீட்டுப் பிள்ளை வாயில் எதையும் திணிக்கிற வேலை நமக்கு வேண்டாம், அது அவர்கள் வேலை. நாம் கேட்பது இவ்வளவுதான்.

சத்துணவு அட்டவணையிலும் பாடப்புத்தகத்திலும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் காகிதத்திலும் மாட்டுக்கறி, எருமைக்கறி, ஈரல் என்று பெயர் சொல்லி எழுது. அங்கன்வாடி அம்மாவும் கிராமச் செவிலியரும் மாட்டுக்கறி தின்னும் வீட்டில் அதை எந்த வயதுக்கு எவ்வளவு, எப்படி மசித்துக் கொடுப்பது என்று சொல்லித் தரட்டும். சேரிக்குப் பக்கத்தில் விற்கிற கறிக்கும் மருத்துவர் பார்த்து முத்திரை வைத்த அறுப்புக்கூடம், நல்ல தண்ணீர், மூடிய கடை வேண்டும். சாக்கடை ஓரத்தில் ஈ மொய்க்கத் தொங்கவிட்டுவிட்டு அசுத்தம் என்று பேசாதே. பள்ளியில் எந்தப் பிள்ளையின் சோற்றுப் பாத்திரத்தையும் மோந்து பார்க்கிற வாத்தியாருக்குத் தண்டனை உண்டு என்று எழுதி ஒட்டு.

இது அரசுக்கு. நமக்குள்ளும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடன் வாங்கி டப்பா மாவு வாங்கிப் பாலில் கலக்கிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கறியை ஜன்னல் சாத்திச் சமைக்கிற படித்த தோழர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எதைச் சாத்திச் சமைக்கிறீர்களோ அதைப் பற்றி அது வெட்கப்படப் பழகும். விட்டவர்கள் விட்டபடி இருக்கலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் விட்டதை உயர்வு என்றும் தின்பதை இழிவு என்றும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் தாய்மார்கள் கூட்டத்தில் அந்தக் காகிதத்தை நாங்களே திருத்தி எழுதப் போகிறோம். பேரீச்சம்பழத்துக்கும் முருங்கைக்கீரைக்கும் நடுவில் ஒரு வரி சேரும். அதை எழுதச் சொல்லிக் கேட்டது ஓர் அம்மா. அவருக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்: ஆவும்மா, நல்லாவே ஆவும்.